பாவம் என்று எழுதிய இடாப்பு

"…எத்தினை பிள்ளையளுக்கு ஏடு தொடக்கின கை எண்டு நினைக்கிறீர், ரீச்சர்? கல்லைக் கொண்டுவந்து இருத்தினாலும் இந்தக் கை எழுதவைக்கும்," என்று சொல்லி, ஓய்வுபெற்ற அதிபர் தன் வலக்கையை என் முகத்துக்கு முன்னால் விரித்துக் காட்டினார். அரிசி ஒட்டியிருந்த அந்தக் கையைப் பார்த்து "ஓம் சேர்" என்றேன். அதற்குமேல் வாயைத் திறந்திருந்தால் சிரித்திருப்பேன்.

பண்டத்தரிப்புப் பக்கத்தில் நான் படிப்பிக்கும் முன்பள்ளியின் நிர்வாகக் குழுத் தலைவர் அவர். விஜயதசமியன்று கோயில் மண்டபத்தில் ஊர்ப் பிள்ளைகளைப் பச்சை அரிசியில் 'அ' எழுதவைத்து ஏடு தொடக்குகிறவரும் அவர்தான். சேர்கிற பிள்ளைகளின் பெயர் பதிகிற இடாப்பு அவருடைய அலுமாரியில் இருக்கும். அதில் எழுதுகிற பேனையை அவர் இன்னொருவர் கையில் கொடுத்து நான் கண்டதில்லை.

அவர் எனக்குக் கையை விரித்துக் காட்டியதற்கு முந்தின வருடம் ஒரு தாய் தன் மூன்று வயது மகளைச் சேர்க்க வந்தாள். பிள்ளைக்குப் பிறந்ததிலிருந்தே வலப்பக்கம் பலவீனம். வலக்கை பொத்தினபடி மடங்கியிருக்கும். சுவரைப் பிடித்து, வலக்காலை இழுத்து நடப்பாள். அதிபர் பெயரை எழுதினார், நிமிர்ந்து பிள்ளையைப் பார்த்தார், எழுதின பெயருக்கு மேலால் ஒரு கோடு இழுத்து வெட்டினார். குறிப்பு என்ற நிரலில் ஒரே ஒரு சொல் எழுதினார்: பாவம்.

"பாவம், உது வீட்டிலை இருக்கட்டும். மற்றப் பிள்ளையள் தட்டி விழுத்திப்போடுவாங்கள்."

எங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்குப் பஞ்சமில்லை. படலையில் நின்று பாவம் என்பார்கள், பிஸ்கற் பெட்டியோடு உள்ளே வந்து பாவம் என்பார்கள். சொன்னதோடு கடமை முடிந்தது. சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். ஒரு கூட்டம் சக்கர நாற்காலியே கொண்டுவந்து இறக்கியது. "அவள் நடப்பாள்," என்றாள் தாய். "படம் எடுக்கும்வரைக்கும் அதிலை இருக்கச் சொல்லுங்கோ அக்கா," என்றார்கள். இப்போது அதில் மிளகாய் காய்கிறது. "எங்கடை வீட்டிலை மிளகாய்தான் ரீச்சர் நடக்கேலாமல் கிடக்கு," என்பாள் அந்தத் தாய். அவள் வாய்க்காகவே தினமும் போகலாம்.

போகவும் தொடங்கினேன், பள்ளி விட்ட பிறகு. இதற்கென்று நான் எங்கும் படித்தவள் அல்ல. ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி சொல்லித்தரும் பெண்ணைத் துளைத்துத் துளைத்துக் கேட்டது கொஞ்சம், கைப்பேசியில் பார்த்தது கொஞ்சம், மிச்சம் அந்தப் பிள்ளையே காட்டித்தந்தது. கதிரையில் கால் தொங்கினால் அவள் உடம்பு முழுக்க இறுகிப்போகும். காலுக்குக் கீழே ஒரு பலகைத் துண்டு வைத்தோம். இடக்கை தன்பாட்டுக்கு ஓடத் தொடங்கியது. கொடியில் உடுப்புக் கிளிப் குத்தினாள். பிட்டைத் தானே அள்ளிச் சாப்பிட்டாள், பாதி கோழிக்கு. தட்டில் அரிசிமா பரப்பிக் கொடுத்தால் இடக்கை விரலால் கோடு போட்டாள். தட்டு வழுக்கிப் போனது. பொத்தியிருந்த வலக்கையைத் தட்டின் விளிம்பில் வைத்து அமர்த்தப் பழக்கினோம். அதற்கே மூன்று மாதம் பிடித்தது.

ஒருநாள் இரண்டு கையையும் நீட்டிச் சொன்னாள்: "இது பிடிக்கிற கை. இது எழுதுற கை."

வலம், இடம் என்று நாங்கள் படுகிற பாடு அவளுக்கு இல்லை. கைக்கு வேலைதான் பெயர். மனிதர் சொல்வதைப் பொறுக்கி வைத்துக்கொள்கிற ஆள் நான். அதிபர் மேடை மேடையாய்ப் பேசியதில் இப்படி ஒன்று என் காதில் விழுந்ததில்லை.

விஜயதசமிக்கு முதல் கிழமை தாயும் நானும் அவரிடம் போனோம். வருகிற தையில் சேர்க்காவிட்டால் வயது தாண்டிவிடும். பிறகு அவளுக்கு முன்பள்ளியே இல்லை.

"நல்லாய் எழுதுறாள் சேர். இடக்கையாலை," என்றேன்.

"இடக்கையாலை ஏடு தொடக்கிறதோ? சரஸ்வதிக்கு முன்னாலையோ? உமக்கென்ன ரீச்சர், விசரே?"

"படத்திலை சரஸ்வதி ஏட்டை இடக்கையிலைதானே சேர் வைச்சிருக்கிறா," என்றாள் தாய், நிலத்தைப் பார்த்தபடி.

அவர் செருமினார். "சரி, பாவம், கொண்டு வாரும். வலக்கையைப் பிடிச்சு நான் தொடக்கிவிடுறன். அரிசியிலை 'அ' வந்தால் இடாப்பிலை போடுறன். வராட்டி உந்தக் கதையோடை இனி என்ரை வாசலுக்கு வரப்படாது."

அந்தக் கை விரியாது என்று தெரிந்துதான் சொன்னார்.

விஜயதசமியன்று காலை அவளை மடியில் இருத்தி, பொத்திய விரல்களை ஒவ்வொன்றாய் நிமிர்த்தப் பார்த்தார். பிள்ளை முகம் சுளித்தாள். சுற்றி நின்ற சனம் பாவம், பாவம் என்றது. கடைசியில் அவர் அந்தப் பொத்திய கையை அப்படியே பிடித்து அரிசித் தட்டில் அழுத்தி, கண்ணை மூடி மந்திரம் சொல்லத் தொடங்கினார். மந்திரம் முடியும்வரை கண் திறப்பதில்லை என்பது அவருடைய பெரிய பெருமை. ஊரில் அதைப் பற்றி அவரே நிறையச் சொல்லியிருக்கிறார்.

பிடிக்கிற கை தட்டில் அமர்ந்துவிட்டது. வீட்டில் அடுத்ததாக என்ன செய்வாளோ, அதையே செய்தாள். எழுதுற கையின் விரல் அரிசிக்குள் இறங்கியது. சுழித்தாள், வளைத்தாள், கடைசிக் கோட்டை மேலிருந்து கீழே இழுத்தாள். தாய் என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். பாவம் சொன்ன வாய்கள் ஒன்றும் அசையவில்லை. அவரிடம் போய்ச் சொல்ல அங்கே ஒருவருக்கும் துணிவில்லை. வாழ்நாளில் முதல் தடவையாக அந்தக் கோழைத்தனம் எங்களுக்கு உதவியது.

அதிபர் கண்ணைத் திறந்தார். அரிசியில் முழுசாய் ஒரு 'அ'. பிள்ளையின் வலக்கை அவருடைய கைக்குள்ளேயே இருந்தது.

"பாத்தியளோ?" என்றார் சனத்தைப் பார்த்து. பிறகுதான் என் பக்கம் திரும்பிக் கல்லையும் எழுதவைக்கும் கையைப் பற்றிச் சொன்னார்.

"உங்கடை கைதான் சேர்," என்றாள் தாய், முகத்தில் ஒரு அசைவும் இல்லாமல்.

"இல்லை, என்ரை எழுதுற—" என்று தொடங்கினாள் மகள்.

"குஞ்சு, ஆ காட்டு," என்று தாய் அவள் வாயில் ஒரு கற்கண்டைப் போட்டாள்.

அதிபர் இடாப்பை எடுப்பித்தார். பழைய பக்கத்தைப் புரட்டி, கோடு இழுத்த பெயருக்குக் கீழே அதே பெயரைத் திரும்ப எழுதினார். குறிப்பு நிரலில் இருந்த 'பாவம்' என்ற சொல்லை வெட்டினார். வெட்டின இடத்தில், சபை பார்த்திருக்க, தன் கையொப்பத்தை வைத்தார்.