மேல மடைக்கு முதல் தண்ணீர்

மூன்று வருடத்துக்கு முந்தி, ஒரு தை மாதம். சங்கரன்கோவிலில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் சமூக அறிவியல் டீச்சர். அன்று மத்தியானம் விடைத்தாள் கட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். என்னைப் பார்க்க ஒரு பெண் கேட்டில் நிற்பதாக வாட்ச்மேன் வந்து சொன்னார். போனால், பனவடலிசத்திரம் பக்கத்து ஊர்க்காரி. வேரோடு பிடுங்கிய நெற்பயிரைக் கையில் வைத்திருந்தாள். நுனியெல்லாம் சுருண்டு காய்ந்திருந்தது.

"எழுதிப் போட்டது நீங்கதான டீச்சர்? நீங்களே வந்து அழிச்சிட்டுப் போங்க" என்றாள்.

அவள் ஊர்க் குளக்கரையில் நாங்கள் நட்ட பலகையைச் சொல்கிறாள் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

வரலாற்று ஆர்வம் என்று நாங்கள் ஏழெட்டுப் பேர் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஊர் ஊராகப் போவோம். "நீ போகலைன்னா குளம் எங்கயும் ஓடிப்போயிருமா?" என்று வீட்டுக்காரர் கேலி செய்வார். அந்தப் பெண்ணின் ஊர்க் குளத்தில் முள் வெட்டிக் கரையைச் சுத்தம் செய்தபோது, மேல மடை ஓரத்தில் எழுத்து வெட்டிய கல் ஒன்று கிடைத்தது. ஆறு மாதம் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து படித்தோம். மேல மடைக்கு முதல் தண்ணீர் என்று இருந்தது. அதற்குக் கீழே கல் பொரிந்துபோய் ஒன்றும் தெரியவில்லை. தெரிந்ததை மட்டும் நீல பெயிண்டில் பலகையாக எழுதிக் கரையில் நட்டோம். கீழே 'முன்னோர் வகுத்த முறை' என்று ஒரு வரி சேர்த்தவள் நான்தான். போட்டோவெல்லாம் எடுத்துக்கொண்டோம்.

அந்த வருடம் மழை பாதியில் நின்றுபோனது. குளத்தில் கிடந்த தண்ணீர் இரண்டு பக்கத்துக்கும் காணாது. எந்த மடையை என்றைக்குத் திறப்பது என்று பார்க்க அங்கே நீர்பாய்ச்சி ஒருவர் உண்டு. வயலில் இறங்கிப் பயிரைப் பார்த்து அவர் சொல்வதுதான் கணக்கு. கீழ மடைக்காரர்கள் பிந்தி நட்டவர்கள், பயிர் கதிர் வெளிவராமல் பொதி கட்டி நின்றது, அப்போது தண்ணீர் தப்பினால் நெல் பதராகிவிடும். அவர்களுக்குத்தான் முதலில் என்று அவர் சொல்லியிருக்கிறார். மேல மடைக்காரர்கள் பலகையைக் காட்டியிருக்கிறார்கள். அவர் ஷட்டர் திருகும் சாவியை அங்கேயே போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். மேல மடை திறந்து ஐந்து நாளாகிவிட்டது. கேட்டில் நின்றவளுக்குக் கீழ மடைப் பக்கம் குத்தகை வயல்.

மறுநாள் சனிக்கிழமை. பரீட்சை வேலையில் ஏற்கெனவே ஓய்ந்து கிடந்த உடம்பு. பெயிண்ட் டப்பாவும் பிரஷுமாக பஸ் ஏறினேன். முதலில் நீர்பாய்ச்சி வீட்டுக்குத்தான் போனேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தவர் நிமிரவே இல்லை.

"தப்பு என்னுதுதான் அண்ணாச்சி. வந்து சாவிய வாங்கிக்கோங்க" என்றேன்.

"கல்லப் படிக்க ஆறு மாசம் வந்திய. முள்ளு வெட்டுனதும், கல்லக் கழுவத் தண்ணி கோரித் தந்ததும் நான்தான். என்கிட்ட ஒரு நாளாவது ஒரு வார்த்த கேட்டியளா டீச்சர்?"

ஆறு மாதமும் அவரிடம் நான் கேட்டது குடத்தில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் மட்டும்தான்.

நான் கரைக்குப் போனேன். சற்று நேரம் கழித்து அவரும் பின்னால் வந்தார். அதற்குள் ஆட்கள் கூடிவிட்டார்கள். பிரஷை எடுத்ததும் மேல மடைக்காரர் ஒருவர் மறித்தார்.

"அப்போ கல்லு பொய் சொல்லுதுங்கியளா?"

"பொய் இல்ல அண்ணாச்சி. கல்லு பாதிதான் இருக்கு. மீதியில என்ன இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. தெரியாதுங்கிறத எழுதாம விட்டது நான்."

இத்தனை பேர் முன்னால் எனக்குத் தெரியாது என்று நான் அதற்கு முன் சொன்னதே கிடையாது. கூசியது. பலகையில் இருந்த எல்லா வரியையும் பெயிண்ட் பூசி அழித்து முடித்தேன். மறித்தவரே சாவியைக் கொண்டுவந்து நீர்பாய்ச்சியிடம் நீட்டினார். அவர் மேல மடையை அடைத்துவிட்டுக் கீழ மடைக்கு நடந்தார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். அறுப்புச் சமயம் போய்ப் பார்த்தேன். அன்று கேட்டில் நின்றவள் களத்தில் தூற்றிக்கொண்டிருந்தாள். நெல்லுக்குச் சமமாகப் பதர் கிடந்தது. திட்டுவாள் என்று நினைத்தேன். "வெயில்ல நிக்காதிய டீச்சர்" என்று நிழலைக் காட்டிவிட்டு மறுபடி முறத்தை எடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமைப் பயணம் இன்னும் நிற்கவில்லை, முழங்கால்தான் முனகுகிறது. எந்தக் குளத்துக்குப் போனாலும் இங்கே தண்ணீர் திறந்துவிடுகிறவர் யார் என்றுதான் முதலில் கேட்கிறேன், கேட்கும்போதெல்லாம் அந்தப் பதர்க் குவியல் கண்ணுக்கு முன்னால் வந்து நிற்கிறது.