புடையன் கடிக்காத நாய்

எங்கள் ஒழுங்கையில் நாய் செத்தால் அது புடையன் பாம்பு கடித்துத்தான் சாகும். வேறு எதற்கும் சாக வட்டக்கச்சி நாய்களுக்கு அனுமதியில்லை. முன்வீட்டுக் கறுப்பன் போனது, புடையன். மதவடி வீட்டுத் தாய்நாயும் குட்டிகளும் போயின, அதுவும் புடையன். மூக்கால் இரத்தம் வந்து, சிறுநீர் கோப்பி நிறத்தில் போனால் முடிந்தது, அதற்குமேல் யாரும் யோசிக்க மாட்டார்கள்.

என் சிவலை நாய்க்கும் அதுதான் நடந்தது. கணவர் காலமான பிறகு வயற்கரை வீட்டில் நானும் மகளும் மட்டும். அந்த நாய் வாசலில் கிடக்கிற தைரியத்தில்தான் கண்மூடுவோம். படலையடியில் ஒருவர் செருமினாலே குரைத்து ஊரைக் கூட்டிவிடும். எங்கள் வீட்டுக்குப் பூட்டும் ஆம்பிளையும் அதுதான்.

சிறுபோக அறுவடை நேரம். மெஷின் வயலுக்குள் இறங்கினால் புடையன்கள் வளவுகளுக்குள் ஏறிவரும், அது உண்மைதான். அந்த நேரம் பார்த்து நாய் சோறு தின்னாமல் படுத்துவிட்டது. விடிய மூக்கில் இரத்தம். பக்கத்து வளவிலிருந்து அண்ணர் வந்தார். என் வீட்டில் எது நடந்தாலும் தீர்ப்பு அவருடையது.

"புடையன்தான். வேறை கதையில்லை."

"அண்ணை, காதுக்குள்ளை பாருங்கோ, உண்ணி அப்பிக் கிடக்குது. உடம்பும் கொதிக்குது. டொக்டரிட்டைக் கொண்டுபோவம்."

"உண்ணி இல்லாத நாய் எங்கையடி இருக்கு? உண்ணி கடிச்சு ஆர் செத்தது? விசர்க்கதை கதையாதை."

மோட்டார் சைக்கிளில் விசகடிப் பரிகாரியாரிடம் கொண்டுபோனார். மனிதருக்குக் கடித்தால் வேப்பிலையைச் சப்பக் கொடுத்து, கசக்கவில்லையென்றால் நஞ்சு ஏறிவிட்டது என்பார்கள். நாயிடம் கசக்குதா என்று கேட்டார்களோ, யார் கண்டது! ஓதிய தண்ணீரோடும் பத்தியத்தோடும் திரும்பி வந்தார். சோறு கொடுக்கக் கூடாது, நித்திரைகொள்ள விடக் கூடாது. அந்த வாயில்லாச் சீவன் கண்மூடும்போதெல்லாம் அண்ணர் தட்டித் தட்டி எழுப்பினார். பாசத்தில்தான் எழுப்பினார். அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

பிறகு பாம்பு வேட்டை. ஒழுங்கை ஆம்பிளைகள் பொல்லும் மண்வெட்டியுமாக வந்து வேலியோரப் பற்றையை எரித்தார்கள், புற்றைக் கிண்டினார்கள். கடைசியில் ஒரு சாரைப்பாம்பை அடித்துத் தூக்கிக் காட்டினார்கள். எலி பிடித்துத் திரிந்த பாம்பு அது.

"இது சாரையெல்லோ? இதுக்கு நஞ்சில்லையே!" என்றேன்.

"சாரை நிண்டா புடையனும் நிக்கும்," என்றார் அண்ணர்.

அத்தனை வீரர்களுக்கும் தேத்தண்ணீர் கொடுத்தது நான். குசினி வாசலில், பழைய உரச்சாக்கில் கிடந்த நாயைத் தாண்டித் தாண்டித்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மறுநாள் நான் ஒருவரையும் கேட்கவில்லை. ஓட்டோ பிடித்துக் கிளிநொச்சிக்குக் கொண்டுபோனேன். மிருக வைத்தியர் ஓர் இளம்பெண். நாயின் உதட்டைத் தூக்கிப் பார்த்தார். பல் முரசில் சொட்டு இரத்தமில்லை, வெளிறிப்போயிருந்தது. கால் விரலிடுக்கிலிருந்து கொழுத்த உண்ணியொன்றைப் பிடுங்கிக் காட்டினார். உண்ணி கடிக்கும்போது கிருமி உள்ளே போய் இரத்தத்தையே அழித்துவிடுமாம். அந்த உண்ணிதான் நாய்க்கு நாய் ஏறி ஒழுங்கை முழுக்க நோயைப் பரப்பியிருக்கிறது.

"முதலே கொண்டந்திருந்தா மருந்தோடை தப்பியிருக்கும், அம்மா. வீட்டை போனவுடனை அது படுத்த சாக்கை எரியுங்கோ. உண்ணி அதுக்குள்ளைதான் கிடக்கும்."

ஊசி போட்டார். வரும் வழியில் என் மடியிலேயே போய்விட்டது. சாக்கை எரித்தேன். வைத்தியர் சொன்னதை அண்ணருக்கும் சொன்னேன். "ஓம் ஓம்" என்று கேட்டுக்கொண்டிருந்தார். பின்னேரம் படலையில் யாரோ விசாரிக்க, "புடையன். பிந்திப்போச்சு" என்று அவர் சொன்னது என் காதில் விழுந்தது. எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது.

கொஞ்ச நாளில் அண்ணரே ஒரு குட்டி கொண்டுவந்தார். தங்கச்சி தனிய இருக்கிறாள் என்ற கவலை அவருக்கு இல்லாமலில்லை. மோட்டார் சைக்கிளில் துள்ளாமலிருக்க, தாய்நாயும் குட்டிகளும் செத்த அந்த மதவடி வீட்டில் ஒரு பழைய சாக்கு வாங்கிச் சுற்றியிருந்தார். கழுத்தில் கறுப்பு நூல்.

"பரிகாரியார் ஓதிக் கட்டினவர். இனிப் புடையன் கிட்டவும் வராது. பயப்பிடாதை, பிள்ளை."

மகள் அதற்குள் குட்டியைத் தூக்கிக் கொஞ்சத் தொடங்கிவிட்டாள். நான் நூலை விலக்கிப் பார்த்தேன். அதற்கடியில் உண்ணி ஏறியிருந்தது.