நாடகத்துக்கு யார் போய்ச் சொன்னது?

எங்கள் வீட்டில் பெரியப்பாவும் அப்பாவும் எதிலாவது ஒத்துப்போனால் அதைச் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும். வீட்டு வரியிலிருந்து கல்யாண வீட்டுச் சாம்பார் வரை இருவரும் எதிரெதிர்க் கட்சி. அப்படிப்பட்டவர்கள் ஒரே குரலில், "ரெண்டாம் பாகம் சரியில்ல" என்று சொல்லத் தொடங்கியபோது எனக்குப் பத்து வயது இருக்கும்.

அவர்கள் சொன்னது ஞாயிற்றுக்கிழமை காலையில் டிவியில் வந்த ஒரு சிரிப்பு நாடகத்தை. ஒரு கூட்டுக் குடும்பத்தில் நடக்கும் கூத்துகள்தான் கதை. முதல் பாகம் ஓடியபோது திருநெல்வேலி டவுணில் எங்கள் தெருவே அந்த அரைமணி நேரத்துக்கு அடங்கிக் கிடக்கும். அது முடிந்து சில மாதங்கள் இடைவெளி விட்டு இரண்டாம் பாகம் வந்தது. அந்த இடைவெளியில்தான் சித்தப்பாவுக்குக் கல்யாணமாகி, வள்ளியூரிலிருந்து சித்தி வந்தாள். அவளுடைய அண்ணன் மெட்ராஸில் அந்த நாடகம் எடுக்கிற இடத்திலேயே லைட்மேன். பெண் பார்க்கப் போன அன்று ஜாதகத்தைவிட இதைத்தான் எங்கள் வீட்டார் அதிகம் விசாரித்தார்கள்.

இரண்டாம் பாகத்தைப் பற்றித் தெருவில் இரண்டு அபிப்பிராயம் இருந்தது. மனைவியாக நடித்தவளை மாற்றிவிட்டார்கள், பழையவளுக்கு இருந்த வாய் இவளுக்கு இல்லை என்றது ஒரு கட்சி. முன்பெல்லாம் ஆள் வழுக்கி விழுந்தால்தான் சிரிப்பு வரும், இப்போது சும்மா பேசினாலே வருகிறது என்றது இன்னொரு கட்சி. பெரியப்பா முதலில் இந்த இரண்டாவது கட்சியில்தான் இருந்தார்.

பிறகு மீசைக் கதை வந்தது. நாடகத்தில் வீட்டுக்குப் பெரியவர், தம்பி கல்யாணத்துக்காக மீசைக்கு மை போடுகிறார். மை ஒத்துக்கொள்ளாமல் உதடு வீங்கிவிடுகிறது. வாயைத் துண்டால் மூடிக்கொண்டே தாலி எடுத்துக் கொடுக்கிறார். அதைப் பார்த்து எங்கள் வீட்டில் எல்லோரும் சிரித்தோம், பெரியப்பாவைத் தவிர. சித்தப்பா கல்யாணத்தில் அவர் உட்கார்ந்திருந்ததும் அப்படித்தான்.

"தரம் போயிட்டு. அடுத்த வீட்டு ஜன்னல்ல எட்டிப் பாக்க மாதிரி இருக்கு" என்றார் பெரியப்பா.

அப்பாதான் அன்றைக்கு அதிகமாகச் சிரித்தவர். சில வாரம் கழித்து, நாடகத்தில் கணவன் பெட்ரோல் போட்டுவிட்டு, மனைவி ஏறிவிட்டாள் என்று நினைத்து ஸ்கூட்டரைக் கிளப்பினான். பேசிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தான், தனியாக. அம்மாவைப் பாளையங்கோட்டை ரோட்டு பங்கில் அப்பா அப்படித்தான் விட்டுவிட்டு வந்திருந்தார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சித்தி அடக்க முடியாமல் சத்தமாகச் சிரித்துவிட்டாள். அன்றோடு அப்பாவும் பெரியப்பா கட்சிக்குப் போனார்.

சந்தேகம் யார்மேல் விழும் என்று சொல்ல வேண்டியதில்லை. வீட்டுக் கதை மெட்ராஸ் போகிறது, மெட்ராஸில் சித்தியின் அண்ணன் இருக்கிறார். அதிலும் ஞாயிறுதோறும் சாயங்காலம் சித்தி எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் அவரோடு பேசுகிறாள். பெரியம்மா அதற்கப்புறம் அடுக்களையில் வாயைத் திறக்கவில்லை. சித்தி காப்பி கொண்டுவந்தால் கூடத்தில் பேச்சு நின்றுவிடும். டம்ளரை வைத்துவிட்டு அவள் திரும்பிப் போகும்வரை எல்லோரும் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். சித்தப்பா காலையில் போனால் இரவு வருகிறவர். அவர் காதுக்கு இது எதுவும் எட்டவில்லை. எட்டாமல் பார்த்துக்கொண்டார்கள்.

என்னைச் சித்திக்குத் துணையாகப் பூத்துக்கு அனுப்பினாள் பெரியம்மா. "பைய காதக் கொடுத்துக் கேட்டுட்டு வாட்டி" என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது. பூத்தின் கண்ணாடிக் கதவு சரியாக மூடாது. நான் அதில் சாய்ந்துகொண்டு நின்றேன். சித்தி முதலில், எல்லோரும் தன்னை நன்றாக வைத்திருக்கிறார்கள் என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "தெரிஞ்சு போச்சுன்னுதான் நினைக்கேன் அண்ணே. நான் வந்தாலே பேச்ச நிறுத்திருதாவ" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் அதை ஒரு எழுத்து விடாமல் ஒப்பித்தேன். பெரியம்மா பெரியப்பாவைப் பார்த்தாள். பெரியப்பா அப்பாவைப் பார்த்தார். வழக்கு முடிந்துவிட்டது.

அடுத்த ஞாயிறு காலை சித்தியின் அண்ணனே வந்து நின்றார். கையில் ஒரு சீப்பு பழம். முகம் சவரம் செய்யாமல் இருந்தது. பெரியப்பா சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். சித்தப்பாவும் அன்று வீட்டில் இருந்தார். டிவியை மட்டும் யாரும் அணைக்கவில்லை.

வந்தவர் உட்காரவில்லை. "அத்தான், நான் மறைச்சிருக்கக் கூடாது. தப்பு என் பேர்லதான். தங்கச்சிய ஒண்ணும் நினைக்காதீங்க" என்றார்.

பெரியப்பா நீதிபதிபோலத் தலையை ஆட்டினார். "ஒத்துக்கிட்டீரே, அதுவே பெரிசு. ஆனா ஒரு குடும்பத்த ஊரே பாத்துச் சிரிக்கும்படியா பண்ணலாமாவே?"

வந்தவருக்குப் புரியவில்லை. "சிரிக்கதுக்கு என்ன இருக்கு அத்தான்? முதல் பாகத்தோட எங்க ஆளுக எல்லாரையும் நிப்பாட்டிட்டாவ. கல்யாணத்துக்கு முன்னாலயே வேலை போயிட்டு. சொன்னா இந்த இடம் தட்டிப் போயிருமேன்னு பயந்து சொல்லல. இப்ப வள்ளியூர்லதான் இருக்கேன். கல்யாண வீடுகளுக்கு சீரியல் லைட்டு கட்டப் போறேன்."

அப்பா பழத்தை வாங்கிக் கீழே வைத்தார்.

"அப்ப மீசக் கதைய யாரு சொன்னா?" என்று கேட்டுவிட்டாள் பெரியம்மா.

சித்தப்பாவுக்கு அப்போதுதான் விஷயம் பிடிபட்டது. அவர் அண்ணன்மார் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "பலசரக்குக் கடை அண்ணாச்சி, அது அவரு மச்சினனப் பாத்து எழுதுனதுன்னு கடைக்கு வாரவங்ககிட்டல்லாம் சண்டைக்கு நிக்காரு. மை போட்டா வீங்கத்தான் செய்யும். இதப் போயி மெட்ராஸுக்கு ஒருத்தி சொல்லணுமாக்கும்?" என்றார். சத்தம் போடாமல்தான் சொன்னார்.

நாடகம் தொடங்கிவிட்டது. பெரியப்பா எழுந்து தன் நாற்காலியைத் தள்ளிக்கொடுத்து, "உக்காருங்க தம்பி" என்றார். கொஞ்ச நேரம் டிவியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "புதுசா வந்தவளும் ஒண்ணும் மோசமில்ல" என்றார். அப்பா ஆமாம் என்றார். அவர்கள் ஒத்துப்போனது அது இரண்டாவது தடவை.

சித்தி அடுக்களையில் அண்ணனுக்குக் காப்பி போட்டுக்கொண்டிருந்தாள். கூடத்தில் பேசியது அவளுக்கு முழுதாகக் கேட்டிருக்காது. அவளுக்கு நல்ல செய்தி சொல்ல வேண்டும் என்று நான் ஓடினேன். வேலை போனது இங்கே யாருக்குமே தெரியாது, அதற்காக யாரும் அவளை ஒதுக்கவில்லை, வீட்டுக் கதையை அவள் நாடகக்காரர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள் என்றுதான் நினைத்தோம், இப்போது அதுவும் இல்லை என்று ஆகிவிட்டது. எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொல்லிவிட்டு, அவள் சிரிப்பதற்காகக் காத்திருந்தேன்.

சித்தி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"இதுக்கா?" என்றாள். "இதுக்கா எங்கிட்ட இத்தன நாளும் ஒருத்தரும் பேசல?"

"ஆமா சித்தி" என்றேன் சந்தோஷமாக.

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அத்தனை வாரமும் ஒருநாள்கூட அழாதவள் அழுதாள். பெரிய காரியத்துக்கு இல்லை, ஒன்றுமில்லாத காரியத்துக்குத்தான் என்று தெரிந்தபிறகு ஒருத்தி எதற்காக அழ வேண்டும்? சரியாகச் சொல்லவில்லையோ என்று முதலிலிருந்து மறுபடியும் சொல்ல ஆரம்பித்தேன். பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. நான்தான் எட்டி அணைத்தேன்.