இரண்டாவது பாட்டில்

"கையில எடுத்துட்டுப் பேசுங்க சார்" என்கிறாள், போனை வலது தோளுக்கும் காதுக்கும் நடுவே செருகிக்கொண்டு. இடது கை அலமாரியின் மூன்றாவது தட்டைத் துழாவிக்கொண்டிருக்கிறது. மறுமுனையில் இருப்பவர் வேறொரு மருந்துக் கடைக்காரர். தன்னிடம் அந்த மருந்து இரண்டு இருப்பதாகக் கம்ப்யூட்டர் காட்டுகிறது என்கிறார். "கம்ப்யூட்டர் காட்டுறதைப் புள்ளைக்கு ஊத்திக் குடுக்க முடியாது சார். கொஞ்சம் எந்திரிச்சுப் போய் பாட்டிலை எடுங்க. அதுல போட்டிருக்கிற தேதியை வாசிங்க." அவர் முணுமுணுத்தபடி எழுந்து போகிறார். திரும்பி வந்து, "இல்லம்மா, காலி" என்கிறார். இவள் நன்றி சொல்லிவிட்டு அடுத்த எண்ணைத் தட்டுகிறாள்.

தெருவில் இவளுக்குப் போன் அக்கா என்று பெயர். நாற்பதைத் தாண்டிய மனுஷி. போன் இல்லாத நேரத்திலும் கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்தே இருக்கும். "கல்யாண போட்டோல மட்டுந்தான் இவ தலை நேரா இருக்கு" என்று வீட்டுக்காரர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

மூன்று பேர் சேர்ந்து நின்றால் கடையில் நாலாவது ஆளுக்கு வாசற்படிதான். கண்ணாடி மேஜையின் உடைந்த மூலைக்குப் பிளாஸ்திரி போட்டிருக்கிறாள். சாப்பாடு நின்றபடிதான். கேட்ட மருந்து இல்லையென்றால் "எங்க கடைல இல்ல" என்பாள், 'எங்க' என்பதைக் கொஞ்சம் அழுத்தி. பிறகு கேள்விகளை ஆரம்பிப்பாள். பிள்ளை எத்தனை கிலோ? இதுக்கு முன்னாடி எந்த மருந்தாவது ஒத்துக்காமப் போயிருக்கா? டாக்டர் நம்பர் இருக்கா? தலைவலி மாத்திரைக்கு வந்து பின்னால் நிற்பவருக்குத் தலைவலி கூடிவிடும்.

போன வருஷத்து மருந்து வீட்டு பிரிட்ஜில் பாதி இருக்கிறதே, கொடுக்கலாமா என்று யாராவது கேட்டால் மட்டும் கோபம் வரும். "அது மருந்து இல்ல, ஞாபகார்த்தம். கீழ ஊத்திடுங்க" என்பாள்.

பாட்டிலைக் கையில் எடுக்கச் சொல்லும் பிடிவாதம் இரண்டு வருஷமாகத்தான். அதற்கு முன் அவளும் கம்ப்யூட்டரை நம்பியவள்தான். ஒரு தாயிடம், ஊரின் அந்தக் கோடியிலிருக்கும் கடையில் இருக்கிறது, போய் வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினாள். அந்தப் பெண் காய்ச்சலில் கிடந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு இரண்டு பஸ் மாறிப் போனாள். அங்கே மருந்து இல்லை. மறுநாள் எல்லாக் கடையும் விடுமுறை. மூன்றாம் நாள் குழந்தையை ஆஸ்பத்திரியில் சேர்த்து, வீடு திரும்ப ஒரு வாரமாயிற்று. பிழைத்துக்கொண்டது. அந்தத் தாய் இன்றும் இந்தக் கடைக்குத்தான் வருகிறாள், ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் போன் அக்காவுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

இப்போது ஒரு மாதமாகக் குழந்தைகளுக்கான ஒரு ஆன்டிபயாடிக் சிரப் எங்கேயும் கிடைக்கவில்லை. மொத்த வியாபாரி நாலு வாரமாக 'அடுத்த வாரம்' என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார்.

திங்கட்கிழமை மத்தியானம் ஒரு லிப்ட் மெக்கானிக் வந்தார். சட்டைப்பையில் ஸ்குரூ டிரைவர், உள்ளங்கையில் ஈரமாகிப்போன மருந்துச் சீட்டு. நாலு வயதுப் பையனுக்கு நெஞ்சில் சளி கட்டி மூச்சு வாங்குகிறதாம். இது பத்தாவது கடை.

"பக்கத்து வீட்ல பெரியவங்க மாத்திரை மிச்சம் இருக்குக்கா. பாதியா ஒடச்சுக் குடுத்துடவா?"

"குடுக்கக் கூடாது. அளவு தப்பிடும், அது அதே மருந்தான்னும் தெரியாது. உக்காருங்க, பாப்போம்."

அவர் உட்காரவில்லை. அவள் பதினோரு கடைகளுக்குப் போன் போட்டாள். எல்லோரையும் எழுந்து போய்ப் பார்க்க வைத்தாள். எங்கும் இல்லை. பிறகு சீட்டு எழுதிய டாக்டரைப் பிடித்து, வேறு மருந்து மாற்றித் தர முடியுமா என்று கேட்டாள். "வழக்கமா குடுக்கிறது அவனுக்கு ஒத்துக்காதும்மா, போன தடவை முகமெல்லாம் வீங்கிப்போச்சு. இன்னொண்ணு இருக்கு, இந்தச் சளிக்கு அது போதாது. இன்னிக்கே இதை ஆரம்பிச்சாகணும். சாயங்காலத்துக்குள்ள கிடைக்கலைன்னா ஆஸ்பத்திரில சேர்த்துடச் சொல்லுங்க" என்றார் டாக்டர்.

மெக்கானிக் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கண்ணைத் திருப்பிக்கொண்டாள். ஏனென்றால் அந்த மருந்து ஒரே ஒரு பாட்டில் அவள் காலடி டிராயரிலேயே இருந்தது.

அது இன்னொரு குழந்தைக்குச் சொந்தமானது. அந்த சிரப் பொடியாக வரும், தண்ணீர் கலந்தால் ஏழு நாள்தான் தாங்கும். பத்து நாள் மருந்துக்கு இரண்டு பாட்டில் வேண்டும். தையல்காரரின் ஆறு வயது மகளுக்குக் காதில் சீழ். முதல் பாட்டிலைப் போன வெள்ளிக்கிழமை வாங்கிப் போனார்கள். இரண்டாவதைப் பொடியாகவே இங்கே எடுத்து வைத்து, 'தையல்காரர் மகள், இரண்டாவது, வெள்ளி காலை' என்று சீட்டு எழுதி ஒட்டியிருந்தாள். கொடுத்துவிட்டால் அந்தப் பெண்ணுக்கு வைத்தியம் நடுவில் நிற்கும். நன்றாகக் கேட்டுக்கொண்டிருக்கும் மருந்தைப் பாதியில் மாற்ற எந்த டாக்டருக்கும் மனசு வராது.

டிராயரில் இருப்பது யாருக்கும் தெரியாது. இல்லையென்று சொல்லிவிடலாம். கொடுத்துவிட்டு, தையல்காரரிடம் வெள்ளிக்கிழமை ஏதாவது சமாளித்துக்கொள்ளலாம். இரண்டையும் நினைத்துப் பார்த்தாள், பார்க்காமல் இல்லை. கை ஒரு தடவை டிராயர் வரை போய்த் திரும்பியது. பிறகு தையல்காரருக்குப் போன் போட்டாள்.

விஷயத்தை ஒன்றுவிடாமல் சொன்னாள். மறுமுனையில் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்த சத்தம் நின்றது.

"அந்தப் புள்ளைக்கு எத்தனை வயசும்மா?"

"நாலுண்ணா."

"எம்பொண்ணு நேத்துதான் வலி இல்லாமத் தூங்குனா."

"தெரியும்ண்ணா. அதனாலதான் உங்களைக் கேக்காம எடுக்க மனசு வரலை. வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லிடுங்க, நான் தப்பா நெனைக்க மாட்டேன்."

இணைப்பு அறுந்துவிட்டதோ என்று போனை எடுத்துப் பார்த்தாள்.

"குடுத்துடுங்க" என்றார் கடைசியில். "ஆனா வெள்ளிக்கிழமை காலைல நான் வந்து நிப்பேன். என்னை வெறுங்கையோட அனுப்பிடாதீங்கம்மா."

அவள் சரி என்றாள். அப்படிச் சொல்ல அவளிடம் ஒரு ஆதாரமும் இல்லை.

பாட்டிலை எடுத்து, ஓரம் கிழியாமல் நகத்தால் சீட்டை உரித்தாள். கொதித்து ஆறின தண்ணீரை எந்தக் கோடு வரை ஊற்ற வேண்டும், எத்தனை மணிக்கொரு தடவை எத்தனை மில்லி என்று மெக்கானிக்கிடம் சொல்லி, அவரையும் ஒரு தடவை திருப்பிச் சொல்லவைத்தாள். மூச்சு இன்னும் அதிகமாக வாங்கினால் மருந்து வேலை செய்யட்டும் என்று காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடச் சொன்னாள். அவர் கும்பிடக் கையைத் தூக்கினார். "நேரமாகுது, போங்க" என்று விரட்டினாள்.

உரித்த சீட்டு விரல் நுனியில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைப் போனின் முதுகில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தாள். பிறகு சற்று முன் காலி என்று சொன்ன முதல் கடையின் எண்ணை மறுபடியும் தட்டினாள்.