வரப்பில் நின்ற மூன்று கால்கள்

என் மனைவி பள்ளி ஓவிய ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். மார்பில் புற்றுநோய்க் கட்டிக்கு அறுவை சிகிச்சை முடிந்தபின் அவளுடைய இடது கை வீங்கியிருந்தது. அந்தக் கையால் கனம் தூக்கக் கூடாது. அடுத்த கட்டமாகப் புற்றுநோய் ஊசி தொடங்கினால் விரல்கள் மரத்துப்போகலாம், சிலருக்கு அது சரியாவதே இல்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதற்குள் குறுவை நாற்றங்காலை நேரில் பார்த்து ஒரு படம் வரைந்துவிட வேண்டும் என்றாள். வேறெதுவும் கேட்கவில்லை.

வரையும் பலகையை நிறுத்தக் கடையில் இருந்த மர ஸ்டாண்டு கனம், விலையும் அதிகம். தஞ்சாவூரில் அலுமினிய ஜன்னல் செய்யும் பட்டறையில் மிஞ்சிய குழாய்களை வாங்கினேன். ஒன்றுக்குள் ஒன்று நுழையும் குழாய்களால் மூன்று கால்கள், கையாலேயே திருகக்கூடிய நட்டுகள். ஈர வரப்பில் புதையாமலிருக்கக் கால் முனைகளில் அகலமான பிளாஸ்டிக் மூடிகள். காற்றில் சாயாமலிருக்க நடுவில் தண்ணீர் பாட்டில் தொங்கவிட ஒரு வளையம். அவள் உட்கார்ந்து வரையும் உயரம் தெரிவதற்காக ஒவ்வொரு காலிலும் சிவப்பு டேப் சுற்றினேன். வலது கையால் தூக்கிப் பார்த்து, "குடை கனம்தான் இருக்கு," என்றாள்.

குத்தாலம் பக்கம் ஒரு வரப்பில் அதை நிறுத்தினோம். அவள் தாளைப் பொருத்துவதற்குள் வயல்காரர் ஓடிவந்தார். பக்கத்து வயலில் நாற்றுப் பறித்துக்கொண்டிருந்த பெண்களும் கரையேறினார்கள்.

"யாரைக் கேட்டு அளக்குறீங்க?"

"அளக்கலைங்க. அவங்க படம் வரையப்போறாங்க," என்றேன்.

"போன தடவை வந்தவங்களும் இப்படித்தான் மூணு காலை ஊணிக்கிட்டு நின்னாங்க. சும்மா பாக்குறோம்னாங்க. மறு மாசம் கேஸ் குழாய் போவுதுன்னு வயல்ல கல்லு நட்டாங்க."

"இப்ப பொம்பளைய உக்கார வச்சு அளக்குறாங்க போல. பொம்பளை மேல நாம கை நீட்ட மாட்டோம்ல," என்றாள் பெண்களில் ஒருத்தி.

என் மனைவி தாளைத் திருப்பிக் காட்டினாள். "பாருங்கய்யா, வெறும் தாளுதான்."

"அதான் ஒண்ணுமே இல்லியேம்மா இதுல."

அவர் குந்தி உட்கார்ந்து, டேப் சுற்றிய இடத்தில் ஒரு காலைப் பிடித்துக்கொண்டார். பிடுங்கவில்லை. "இதை மட்டும் மடக்கிடுங்கம்மா. நீங்க உக்காந்து என்ன வேணா வரைங்க. இது நின்னா ஊரே வந்துடும். நிலத்த வித்துட்டியான்னு என்னையத்தான் கேப்பாங்க."

அவள் என்னைப் பார்த்து, "மடக்கிடுங்க," என்றாள்.

ஸ்டாண்டை மடக்கி வைத்துவிட்டு, நான் மண்டியிட்டுப் பலகையைப் பிடித்துக்கொண்டேன். நேரே பிடித்தால் நாற்றங்காலை மறைத்தேன். ஒதுங்கிப் பிடித்தால் காற்றில் பலகை ஆடி, பச்சை கீழே வழிந்தது. இரண்டாவது தாளிலும் அப்படியே ஆனது. தூரிகையைக் கழுவி வைத்துவிட்டாள்.

ஊசி தொடங்கியது. அந்த வயலில் நடவு முடிந்திருக்கக்கூடிய சமயத்தில், ஒரு காலை, ரவிக்கைக் கொக்கியை மாட்டிவிடச் சொல்லி என்னைக் கூப்பிட்டாள். விரலில் கொக்கி படுவதே தெரியவில்லை என்றாள்.