மௌரீன் அக்கா கொட்டிய குழாய்கள்

லிங்கராஜபுரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி ஆஸ்பத்திரிக்கு வந்து சேரும்போதே மௌரீன் அக்காவுக்கு முழங்கால் வீங்கியிருக்கும். கோபம் மூக்கின் மேல் உட்கார்ந்திருக்கும். ரத்தப் பரிசோதனை லேபில் இருபத்திரண்டு வருஷம். பிரசவ வார்டு நர்ஸ் நான். ஏழு வருஷமாக ஓர் ஆய்வு நடக்கிறது. ஒவ்வொரு பிரசவத்துக்கும் தாயின் ரத்தம் ஒரு குழாய், தொப்புள்கொடி ரத்தம் ஒரு குழாய் எடுத்து நான் அனுப்ப வேண்டும். இரண்டிலும் கொழுப்பு எவ்வளவு என்று அவள் பார்க்க வேண்டும்.

அவள் கணக்கு எளிது. நிறைமாதத்தில் தாய்க்குக் கொலஸ்ட்ரால் ஏறித்தான் இருக்கும், இருநூற்றைம்பதுகூடப் போகும். பிறந்த பிள்ளைக்கு அறுபது, எழுபது. பிள்ளைக்குக் கூடி வந்தால் நர்ஸ் அவசரத்தில் தாயின் ரத்தத்தைக் கலந்துவிட்டாள் என்று அர்த்தம். நோட்டில் ‘கலப்பு’ என்று எழுதிக் குழாயைக் கொட்டிவிடுவாள். திட்டு எனக்கு. சண்டை போடத் தெம்பில்லாமல் வாங்கிக்கொள்வேன்.

போன செவ்வாய்க்கிழமை, ஈஜிபுரா வீணாவின் பிள்ளைக்கு நூற்றெழுபது வந்தது.

“மறுபடியும் கலந்துட்டியா யசோதா?”

அன்றைக்கு எனக்கு ஆறாவது பிரசவம். இடுப்பு விட்டுப்போயிருந்தது. “நான் கலக்கல அக்கா. சந்தேகம்னா நீங்களே வந்து குத்திப் பாருங்க” என்று சொல்லிவிட்டேன்.

முனகிக்கொண்டே மாடியேறி வந்து, பிள்ளையின் குதிகாலில் தானே குத்தி எடுத்துப் போனாள். நூற்றறுபத்தெட்டு. தாயின் சீட்டைத் திரும்பப் பார்த்தாள். நானூற்றுப் பத்து. கர்ப்பத்தில் ஏறுவதுதானே என்று அதையும் விட்டிருந்தாள்.

மறுபடி மாடியேறினாள். “உங்க வீட்ல யாருக்காச்சும் ஹார்ட் ப்ராப்ளம் இருக்காமா?”

“அப்பா முப்பத்தாறுல போய்ட்டாருக்கா. அண்ணன் முப்பதுல, தூக்கத்துலயே” என்றாள் வீணா.

மௌரீன் அக்கா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். “இது குடும்பத்துல வர்ற கொழுப்பு மாதிரி இருக்கு. உனக்கும், பிள்ளைக்கும். டாக்டர் பார்த்துச் சொல்வாரு. இப்பவே தெரிஞ்சா மாத்திரையில கட்டுப்படுத்தலாம். பயப்படாத.”

வீணா பிள்ளையை அணைத்துக்கொண்டாள். “பெரியவளும் இங்கதான் பொறந்தா. அஞ்சு வருஷமாச்சு. அவளுக்கும் கொடியில ரத்தம் எடுத்தாங்க. ரிப்போர்ட்டே வரலக்கா.”

அக்கா என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“நாளைக்கு அவளக் கூட்டிட்டு வரச் சொல்லு” என்றாள் வீணாவிடம்.

அன்று அவள் பஸ்ஸுக்குப் போகவில்லை. பழைய நோட்டுகளை இறக்கி, ‘கலப்பு’ என்று எழுதிய வரிகளில் தாய்மாரின் போன் நம்பர்களைத் தேட ஆரம்பித்தாள். நானும் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். கலக்கவில்லை என்று சொல்ல எனக்கும் ஏழு வருஷம் ஆகியிருந்தது.