நடுவில் ஒரு சுவர்

அந்தச் சுவரைக் கட்டச் சொன்னவன் நான்தான். சிறுதொழில்களை வளர்க்கும் அரசுப் பிரிவொன்றில் குறிப்பெழுதிச் சம்பளம் வாங்குகிறவன் என்பதால், தங்கையின் கணவருக்கு என் வாய்ச்சொல்லே அரசாணை. டெல்லி ஓக்லாவில் அவர் மின்விசிறி இறக்கை செய்கிறார். தகடு வெட்ட இரண்டாவது பிரஸ் மெஷின் வாங்கினால் 'சிறு' என்ற வரம்பைத் தாண்டிவிடுவார், சலுகைகள் போய்விடும்.

"குறுக்கே சுவர் வைங்க மாப்ளே. அந்தப் பக்கம் தங்கச்சி பேர்ல தனிக் கம்பெனி."

வளர இருந்த மனிதரைத் தடுத்தாட்கொண்ட பெருமையில் அன்று இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

இந்தப் பக்கம் வெட்டிய இறக்கைக்கு அந்தப் பக்கம் பெயின்ட். ஆகவே தள்ளுவண்டி ஒரு கேட் வழியாகத் தெருவுக்கு வந்து, டெம்போக்காரர்களிடம் திட்டு வாங்கி, அடுத்த கேட்டில் நுழையும். போட்டிக்கு ஆளில்லாதவரை இதுவும் வேகம்தான். பிறகு நொய்டாவில் ஒருவர் எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் செய்து விலையைக் குறைத்தார். எங்கள் பெரிய வாடிக்கையாளர் வேலையைப் பார்த்துவர ஆளனுப்பினார். அந்த ஆர்டர் போனால் இருபது பேருக்கு வேலையில்லை.

வந்தவர் செல்போனில் நேரம் குறித்தபடி வண்டியின் பின்னாலேயே தெருவைச் சுற்றினார்.

"யே தீவார் கிஸ்லியே, பையா?" சுவர் எதற்காம்.

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். நான் பெயின்ட் டப்பாவைப் பார்த்தேன். "பாலிசி," என்றேன்.

நொய்டாக்காரருக்கும் அதே பாலிசிதானே என்று இந்தியில் கேட்டுவிட்டு, சுவரைப் பற்றி முடிவு சொல்லத் திங்கட்கிழமைவரை கெடு வைத்துப் போனார்.

ஞாயிறு காலை போன். "மச்சான், இடிக்கவா வேணாமா? மேஸ்திரி வந்து நிக்கிறாரு."

"ரெண்டு பக்கமும் யோசிச்சுப் பார்த்தா..."

"ஆபீஸ் பேச்செல்லாம் வேணாம் மச்சான்."

நான் ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸ் பால்கனியில் போனும் கையுமாக நடந்துகொண்டிருந்தேன். அதற்குள் அங்கே தங்கை அவரிடமிருந்து போனைப் பிடுங்கிவிட்டாள். "அண்ணே, பாதிக் கம்பெனி என் பேர்லதானே இருக்கு? நான் சொல்றேன், இடிக்கட்டும். நீ போய்க் குளி."

குளித்தேன். சுவரும் சலுகையும் போயின. ஆர்டர் பாதிதான் வந்தது, மீதி நொய்டாவுக்கு. மூன்று மாதம் பார்த்துவிட்டு முடிவு சொல்வார்களாம். என்னால் நாற்காலியில் உட்கார முடியவில்லை. அலுவலகத் தாழ்வாரத்தை அளந்துவிட்டு மாப்பிள்ளைக்குப் போன் செய்தால், "வேலையா இருக்கேன் மச்சான்" என்று வைத்துவிடுகிறார். இத்தனை வருடத்தில் அவர் ஒருமுறைகூட என்னிடம் அப்படிச் சொன்னதில்லை.